சொல்லும் உடலும்

உள்ளத்தின் நோயைப் பேச்சினால் தீர்க்கும் கலை என்றே உளப்பகுப்பாய்வை நாம் அறிந்திருக்கின்றோம். நோயாளி சாய்ந்து படுத்திருப்பார்; வைத்தியர் அவர் கண்ணிற் படாது தலைமாட்டில் அமர்ந்து கேட்டிருப்பார். இருவருக்குமிடையே சொல்லன்றி வேறில்லை. ஆயின், இக்கலை பிறந்தபோது நிலைமை இவ்வாறிருக்கவில்லை.

1895 இல் புரோயரும் பிராய்டும் ஹிஸ்டீரியா நோய்பற்றி வெளியிட்ட நூலில் முதலில் நாம் காண்பது உடலையே. அசைய மறுத்த கை, காரணமின்றி வலித்த கால் முதலியனவே அங்கு துயரத்தின் மொழியாயின. நோயாளியின் நெற்றியைக் கையால் அழுத்தி, மறந்ததை நினைவூட்டவும் பிராய்ட் முயன்றார். பின்னர் அம்முறையைக் கைவிட்டார். தம்மை நம்பி வந்தவரைத் தீண்டும் உரிமை அத்துமீறலாக மாறுவது எளிது; ஆதலின் அவ்விலக்கு நியாயமானதே. ஆனால், தொடுவதை விட்டவர்கள் காண்பதையும் விடவேண்டுமா?

இவ்வினாவை வலியுறுத்தி எழுப்பியவர் வில்ஹெல்ம் றைக். 1922 இல் வியன்னாவில் தோன்றிய இலவச உளவைத்திய நிலையத்தில் அவர் பணியாற்றினார். வசதி குறைந்த அந்நிலையத்தில் மெத்தையற்ற உலோகக் கட்டிலிற் படுத்து நோயாளர் பேசினர். வந்தவர்களுட் பலர் தொழிலாளரும் வறியோருமாவர். வறுமையும் இடநெருக்கடியும் மனநோயோடு பின்னிக் கிடத்தலை றைக் அங்கே கண்டார். 1924 முதல் 1930 வரை இளம் வைத்தியருக்கான பயிற்சிக் கருத்தரங்கை நடத்திய அவர், நோயாளி எதைச் சொல்கிறார் என்பதோடு எவ்வாறு சொல்கிறார் என்பதையும் நோக்கக் கற்பித்தார். இறுகிய தாடையும் அடக்கிய மூச்சும் அச்சத்தின் கவசங்கள் என்று பின்னர் விளக்கினார்.

அவ்வச்சம் தனிமனிதனோடு முடிவதன்று. அடங்கி நடக்கப் பழக்கப்பட்ட உடலே சர்வாதிகாரிக்கும் தலைவணங்கும் என்று, 1933 இல் வெளியிட்ட பாசிசம்பற்றிய நூலில் அவர் வாதித்தார். அவ்வாண்டிலேயே கம்யூனிஸ்ட் கட்சி அவரை விலக்கியது. 1934 இல் சர்வதேச உளப்பகுப்பாய்வுச் சங்கமும் விலக்கியது. அரசியலை விரும்பாதாரும் உளவியலை விரும்பாதாரும் ஒருவர்பின் ஒருவராக அவருக்குக் கதவடைத்தனர்.

பிற்காலத்தில், பிரபஞ்ச சக்தியொன்றைக் கண்டறிந்ததாக அவர் கூறியதற்கு அறிவியற் சான்றில்லை. ஆயினும், 1956 இல் அமெரிக்க அரசு அவர் நூல்களை எரித்தது அக்கூற்றுக்கு மறுப்பாகாது. 1933 இல் நாஜிகள் பிராய்டின் நூல்களை எரித்ததை அறிந்தோர் இதனை மறத்தலரிது. 1957 இல் றைக் சிறையில் மாண்டார்.

அவரது பிழைகளோடு அவர் எழுப்பிய வினாவையும் நாம் புதைத்துவிடலாகாது. வகுப்பிற் பெயர் சொல்லி அழைத்ததும் தோள்கள் குறுகி எழுந்து நிற்கும் சிறுவனின் விடையை மட்டும் கேட்டு, ஆசிரியனாகிய நானும் எத்தனையோ முறை மதிப்பெண் இட்டிருக்கிறேன். அந்தத் தோள்கள் சொன்னதை யார் கேட்டார்?