தோலும் துறை மாற்றமும்

முனைவர் பட்டம் பெற்றபின் ஆராய்ச்சித் துறையை மாற்றிக்கொள்வது, பெற்ற பட்டத்தை வீணாக்குவதாகும் என்று பலர் கருதுகின்றனர். தந்தையின் தொழிலே மகனுக்கும் உரியது, அதைவிட்டு விலகலாகாது என்னும் விதியால் பல தலைமுறைகள் கட்டுண்டு கிடந்த மக்கள் நாம். ஆதலின் துறை மாறும் உரிமையை நாம் எளிதாக எண்ணுதல் கூடாது. வரலாறு காட்டும் இரு சான்றுகளை இங்கே நினைவுகூர்கிறோம்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு வட்டாரங்களில் நம் முன்னோர் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்தனர், மயிர் நீக்கினர், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிட்டனர். அழுகக்கூடிய பச்சைத்தோலை நிலைத்த பொருளாக்கினர். அக்கைகளைத் தீட்டு என்று ஒதுக்கிய சமுதாயம், அவை ஆக்கிய செருப்பை மட்டும் அணிந்துகொண்டது.

தோலின் முதன்மையான புரதம் கொல்லாஜன். பட்டையின் துவர்ப்பொருள் அதனோடு பிணைவதாலேயே தோல் அழுகாமல் நிற்கிறது. இப்புரதத்தின் அமைப்பை ஆராய்ந்த ஜி.என். இராமச்சந்திரன் இயற்பியலில் பயின்றவர். 1949-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றவர். படிகங்களும் எக்ஸ்-கதிர்களுமே அவர்தம் துறை. 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரான பின், அங்கு வந்த அறிவியலறிஞர் ஜே.டி. பெர்னலுடன் நிகழ்ந்த உரையாடல் அவரைக் கொல்லாஜன்பால் திருப்பியது. 1948-இல் சென்னையில் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அருகிலேயே இருந்தது. ஆய்வுக்குரிய கொல்லாஜன் அங்கிருந்து கிடைத்தது. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-இல் 'நேச்சர்' இதழில் மூவிழை அமைப்பை அவர் வெளியிட்டார். பின்னர்ச் சில திருத்தங்கள் நேர்ந்தபோதிலும், மூவிழை என்னும் அடிப்படை நிலைத்தது. எக்ஸ்-கதிர் முறை பழையது. ஆராய்ந்த பொருளே புதியது.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வும் இதையே உணர்த்துகிறது. 1923-இல் இலண்டனிலும், 1927-இல் கொலம்பியாவிலும் அவர் பெற்ற முனைவர் பட்டங்கள் நாணயம், பொதுநிதி பற்றிய ஆய்வுகளுக்கு உரியவை. எனினும் 1916-இலேயே சாதியைப் பற்றிக் கட்டுரை படித்த அவருள்ளம் அவ்வினாவை விட்டு அகலவில்லை. 1948-இல் வெளிவந்த 'தீண்டத்தகாதோர்' நூலில், சாத்திரங்களையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளையும் ஒருங்கே ஆராய்ந்து, தீண்டாமையின் தோற்றத்தைத் தேடினார். அந்நூலை நந்தனார், ரவிதாஸ், சொக்கமேளா ஆகியோரின் நினைவுக்கு உரித்தாக்கினார். ரவிதாஸ் தோல் தொழில் செய்த குலத்தில் பிறந்த அருளாளர்.

இருவரும் கற்றதைக் கைவிடவில்லை. கற்றதைக் கொண்டு புதிய வினாவை எழுப்பினர். ஆயினும் துறை மாறுவோர் மீண்டும் மாணவராகவே அமர வேண்டும். தம்மினும் இளையோரிடம் கேட்டுக் கற்க நாணக்கூடாது. வருவாய் சில ஆண்டுகள் தாமதமாகலாம். முதல் தலைமுறையாகப் படித்தவரின் இல்லத்தில் அத்தாமதம் பெருஞ்சுமை என்பதை நாம் நன்கறிவோம். எனவே பெற்றோரே, "படித்தது போதாதா?" என்று கேட்குமுன், அப்பிள்ளை தேடும் வினா யாதென்று ஒருமுறை கேளுங்கள். அது நம் முன்னோரின் கைகள் அறிந்திருந்த ஒன்றாகவும் இருக்கக்கூடும்.