‘ஆண்மைக்குறைவு’ என்னும் சொல்லும் ஓர் இயக்குநீரின் வரலாறும்

பேருந்து நிலையச் சுவர்களிலும் வார இதழ்களின் கடைசிப் பக்கங்களிலும் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் ‘ஆண்மைக்குறைவு’ என்ற சொல் மூன்று வெவ்வேறு நிலைகளை ஒருசேரச் சுட்டுகிறது: விறைப்புக் குறைபாடு, விந்தணுக் குறைவு, டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீரின் குறைவு. இவை தொடர்புடையனவே; ஆயினும் ஒன்று இல்லாமல் மற்றொன்று இருக்கக்கூடும். சொற்பொருளியல் பயின்றோர்க்கு இது ஒரு பொருள்மயக்கம், அவ்வளவே. இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமும் கேட்க இயலாமல் நிற்கும் இருபத்தைந்து வயது இளைஞர்க்கோ, தவறான மருத்துவம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

‘குறைவு’ என்றதும் ‘ஊற்றி நிரப்பலாம்’ என்ற எண்ணம் உடன் வந்துவிடுகிறது. இவ்வெண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. 1889 ஜூன் 1 அன்று பாரிஸில், 72 வயதான உடலியங்கியல் அறிஞர் பிரௌன்-செக்கார், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விந்தகச் சாற்றைத் தமக்கே ஊசிவழிச் செலுத்திக்கொண்டதாகவும் இளமையின் வலிமை மீண்டதாகவும் அறிவித்தார். விந்தகம் இவ்வியக்குநீரைச் சேமித்து வைப்பதில்லை. அது நீரில் எளிதில் கரைவதுமில்லை. எனவே அச்சாற்றில் அது அநேகமாக இருந்திருக்காது. அவர் உணர்ந்த வலிமை நம்பிக்கை தந்த வலிமை. ஆனால் அந்நம்பிக்கைக்குச் சந்தை இருந்தது, இன்றும் இருக்கிறது.

1935இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கரின் குழு காளையின் விந்தகத்திலிருந்து இப்பொருளைப் படிகமாகப் பிரித்து ‘டெஸ்டோஸ்டிரோன்’ என்று பெயரிட்டது. அதே ஆண்டில் புட்டெனான்ட்டும் ருஸிக்காவும் தனித்தனியே அதைச் செயற்கையாக உருவாக்கினர். பாடநூல்கள் பொதுவாக இந்த ஆண்டையே கொண்டாடும். என் நோக்கில் அதனினும் முதன்மையானது 1932. சிகாகோவில் கார்ல் மூரும் டோரதி பிரைசும் எலிகளுக்கு ஆண் இயக்குநீரைச் செலுத்தியபோது அவற்றின் விந்தகம் வளரவில்லை, நலிந்தது. காரணம் பிட்யூட்டரிச் சுரப்பி என்று அவர்கள் விளக்கினர். பிட்யூட்டரி எல்.எச். என்னும் இயக்குநீரால் விந்தகத்தை ஏவுகிறது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் போதுமான அளவு இருப்பதாகக் கொண்டு ஏவலை நிறுத்திவிடுகிறது. ஏவல் நின்றால் விந்தகத்தின் பணியும் ஓய்கிறது.

இதன் விளைவு எத்துணை உறுதியானது என்பதற்கு ஒரு சான்று: வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாக உலக நலவாழ்வு நிறுவனம் ஆராய்ந்து 1990இல் முடிவுகளை வெளியிட்டது, பலருக்கு விந்தணு முற்றிலும் அற்றுப்போயிற்று. உடற்பயிற்சிக் கூடங்களில் ‘ஆண்மை’க்காக இதே மருந்தைத் தாமாகவே செலுத்திக்கொள்ளும் இளைஞர்களிடம் இதை யாரேனும் சொல்கிறார்களா என்று தெரியவில்லை. ஊசியை நிறுத்திய பின் சொந்தச் சுரப்பு மீளப் பல மாதங்கள் ஆகலாம். இளம் வயதுக் குறைவின் காரணங்களுள் இம்மருந்தே ஒன்றாகிவிட்டது.

எனவே மருத்துவர் முதலில் கேட்பது ‘எவ்வளவு குறைவு’ என்பதோடு ‘எங்கே பழுது’ என்பதையும்தான். எல்.எச். உயர்ந்து டெஸ்டோஸ்டிரோன் தாழ்ந்திருந்தால் பழுது விந்தகத்தில். 1942இல் கிளைன்ஃபெல்டர் விவரித்த, கூடுதல் எக்ஸ் குரோமோசோமால் வரும் நிலை இவ்வகை. இரண்டும் தாழ்ந்திருந்தால் ஏவலில் பழுது. 1944இல் கால்மன் விவரித்த, மணம் அறியும் திறனும் குன்றிய நிலை இவ்வகை. உடற்பருமன், ஓபியாய்டு வலிநீக்கிகள், கடும் நோய் ஆகியவையும் பெரும்பாலும் ஏவலையே தளர்த்துகின்றன. உடல் எடை குறைந்தால் அளவு மீள்வதும் உண்டு.

இவ்வேறுபாடு நம் நாட்டு வரலாற்றில் ஓரிடத்தில் மிகத் தெளிவாகப் பயன்பட்டது. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் முந்திரித் தோட்டங்களின்மீது இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எண்டோசல்ஃபான் வான்வழி தெளிக்கப்பட்டது. அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தினர், தோட்டங்களின் அடிவாரச் சிற்றூரில் 10 முதல் 19 வயதுவரையிலான 117 மாணவர்களையும், தெளிப்புக்கு ஆளாகாத 90 பேரையும் ஒப்பிட்டு 2003இல் ஆய்வு வெளியிட்டனர். தெளிப்புக்கு ஆளான சிறுவர்களிடம் பருவமடைதல் தாமதப்பட்டிருந்தது. வயதைக் கணக்கிற்கொண்ட பின்னும் எல்.எச். உயர்ந்தும் டெஸ்டோஸ்டிரோன் தாழ்ந்தும் இருந்தன. ஏவல் குறையவில்லை, ஏவலைப் பெற்ற உறுப்பு ஈடுகொடுக்கவில்லை. எண்ணிக்கை சிறிது, அழைக்கப்பட்ட அனைவரும் பங்கேற்கவில்லை என்பவை அவ்வாய்வின் வரம்புகள். ஆய்வாளர்களே அவற்றைக் குறிப்பிட்டுள்ளனர். அதனால்தான் அதன் முடிவை ‘கூடும்’ என்ற சொல்லோடு படிக்க வேண்டும்.

2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் எண்டோசல்ஃபானின் உற்பத்தியையும் விற்பனையையும் நாடெங்கும் தடுத்து இடைக்கால ஆணை பிறப்பித்தது. அன்று ஆய்வுக்கு இரத்தம் கொடுத்த அச்சிறுவர்கள் இன்று முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருப்பார்கள்.