குரலை அலையில் ஏற்றிய கதை

பழைய வீடுகளில் மின்விசிறிக்குப் பெட்டி போல ஒரு கனத்த ரெகுலேட்டர் இருக்கும். விசிறியை மெதுவாக ஓடவிட்டால் அது சுடும். உள்ளே இருந்த கம்பிச்சுருள் மின்சாரத்தில் ஒரு பங்கை வெப்பமாக்கி வீணடித்தது. மீடியம் வேவ் வானொலி டிரான்ஸ்மிட்டர்களுக்கும் பல பத்தாண்டுகள் இதே தலைவலி இருந்தது.

ஏ.எம். முறையில் வானலையின் வலிமை பேசுபவரின் குரலுக்கேற்பக் கூடிக் குறைய வேண்டும். பாடப்புத்தகங்கள் இதைப் பண்பேற்றம் என்கின்றன. சொல்ல எளிது, ஆனால் பல கிலோவாட் சக்தியுள்ள அலையைக் குரல் சொன்னபடி ஆடவைப்பது எப்படி?

1930களில் கண்ட வழி முரட்டு வழி. குரலையே பிரம்மாண்டமாகப் பெருக்கி, ஒரு பெரிய டிரான்ஸ்ஃபார்மர் மூலம், அலையை அனுப்பும் கடைசி வால்வின் மின்சப்ளையோடு சேர்த்தார்கள். குரல் ஏறினால் சப்ளை ஏறும், அலையும் ஏறும். இதில் ஒரு கணக்கு உண்டு: குரலை முழு அளவுக்கு ஏற்ற, அலையின் சக்தியில் பாதி அளவுக்கு ஒலிச்சக்தி வேண்டும்.

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து டபிள்யூ.எல்.டபிள்யூ. நிலையம் 1934 மே 2 அன்று 500 கிலோவாட்டில் முறைப்படி ஒலிபரப்பத் தொடங்கியது. அப்படியானால் குரலுக்கு மட்டும் 250 கிலோவாட்! உங்கள் வீட்டு ஸ்பீக்கரில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது, பாருங்கள். வால்வுகள் ஏறத்தாழ ஆள் உயரம். அவற்றைக் குளிர்வித்து வந்த நீரின் சூட்டை ஆற்றக் கட்டடத்துக்கு வெளியே ஒரு குளமே வெட்டியிருந்தார்கள். கடைசியில் அந்த நிலையத்தின் சக்தியைக் குறைத்தது வெப்பமோ செலவோ அல்ல. ஒரே நிலையத்துக்கு இவ்வளவு வீச்சு கூடாது என்ற எதிர்ப்பு வலுத்தது. 50 கிலோவாட்டுக்கு மேல் வேண்டாம் என்று 1938இல் செனட் தீர்மானம் போட்டது. 1939 மார்ச்சில் நிலையம் 50 கிலோவாட்டுக்குத் திரும்பியது.

இதற்கிடையே, 1936இல், பெல் ஆய்வுக்கூடத்தின் வில்லியம் டோஹர்ட்டி வேறொரு வழி கண்டார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நம் குடியிருப்பில் கூட்டம் கூடும் நேரத்தில் மட்டும் இரண்டாவது லிஃப்டை ஓட்டுவதைப் போல, சாதாரண நேரத்தில் ஒரு வால்வு வேலை செய்யும். குரல் உச்சத்துக்குப் போகும்போது மட்டும் இரண்டாவது வால்வும் கைகொடுக்கும். ராட்சத டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை. டோஹர்ட்டியின் யோசனை மீடியம் வேவோடு முடிந்துவிடவில்லை. இன்று மொபைல் டவர்களில் உள்ள பெருக்கிகளிலும் அது வேலை செய்கிறது.

அடுத்த பெரிய மாற்றம் இல்லினாய் மாநிலத்தின் குவின்ஸி என்ற ஊரில் நடந்தது. அங்கே கேட்ஸ் நிறுவனத்தில் (பின்னாளில் ஹாரிஸ்) இருந்த ஹில்மர் ஸ்வான்சன், வால்வை அரைகுறையாகத் திறந்து வைப்பதால்தான் சூடு பிறக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டார். முழுதாகத் திற, முழுதாக மூடு. விநாடிக்குப் பல்லாயிரம் முறை அப்படிச் செய். குரல் உயரும்போது திறந்திருக்கும் நேரம் நீளும், தாழும்போது குறையும். சுவிட்ச் சுடுவதில்லை அல்லவா, அதே நியாயம்தான்.

1980களின் பிற்பகுதியில் ஸ்வான்சன் இன்னும் ஒரு படி போனார். வால்வுக்குப் பதில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு டிரான்சிஸ்டர் பெருக்கிகள். குரல் முதலில் எண்ணாக மாறும். அந்த நொடித்துளியில் எத்தனை பெருக்கிகள் ஓட வேண்டும் என்பதை அந்த எண்ணே முடிவு செய்யும். கணக்கு நேர் செய்ய அரை, கால், அரைக்கால் என்று சில்லறைப் பெருக்கிகளும் உண்டு. குரலைப் பெருக்கும் வேலையே இங்கே கிடையாது, எண்ணும் வேலைதான்.

மின்கட்டணத்தில் இதன் பலன் தெரிந்தது. வால்வுக் காலத்தில் வாங்கிய மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதி வெப்பமாகப் போனது. இப்போது 85 சதவீதத்துக்கு மேல் அலையாகிறது. முன்பு பெரிய வால்வு ஒன்று எரிந்துபோனால் ஒலிபரப்பே நின்றுவிடும். இப்போது ஒரு பெருக்கி பழுதானால் கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. பொறியாளர் அந்த அட்டையைக் கழற்றி வேறொன்றைச் செருகுவார். ஆனால் இடி விழுந்தால் வால்வு தாங்கிக்கொள்ளும். டிரான்சிஸ்டருக்கு அந்தப் பொறுமை இல்லை; அதற்குத் தனிப் பாதுகாப்பு வேண்டியிருக்கிறது.

டபிள்யூ.எல்.டபிள்யூ. இன்றும் அதே 700 கிலோஹெர்ட்ஸில், அந்தக் காலத்துக் கோபுரத்திலிருந்தே, 50 கிலோவாட்டில் பேசிக்கொண்டிருக்கிறது.