டி.பி. மாத்திரைக்கும் அடங்காத இருமல்: நண்டிலிருந்து வரும் நுரையீரல் புழு

மாதக்கணக்கில் இருமல், துரு நிறத்தில் இரத்தம் கலந்த சளி, நெஞ்சு வலி, எக்ஸ்ரேயில் நிழல். இவை சேர்ந்தால் எல்லோருக்கும் முதலில் காசநோய்தான் (டி.பி.) நினைவுக்கு வரும். பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். ஆனால் சளியில் டி.பி. கிருமி அகப்படவில்லை, மாத்திரை சாப்பிட்டும் இருமல் குறையவில்லை என்றால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அதுதான் 'பாராகோனிமஸ்' எனும் நுரையீரல் தட்டைப்புழு.

சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள, காப்பிக்கொட்டை வடிவப் புழு இது. ஓடை, ஆற்று நண்டுகளின் சதையில் இதன் குஞ்சுகள் தங்கியிருக்கும். அதைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றால், குடலைத் துளைத்து வெளியேறி, உதரவிதானத்தைக் கடந்து நுரையீரலில் குடியேறுகிறது. இருபது ஆண்டுகள்வரைகூட அங்கே உயிரோடிருக்கும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இருமலால் தொற்றாது.

இந்தியாவில் மணிப்பூர், நாகாலாந்து, அருணாச்சலப் பிரதேசப் பகுதிகளில் இது காணப்படுகிறது. சீனா, கொரியா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் நாடுகளிலும் உண்டு. மருத்துவம் படிக்கவும் வேலைக்கும் நம் பிள்ளைகள் அங்கெல்லாம் போகிறார்கள். சோயா சாற்றிலோ மதுவிலோ ஊறப்போட்ட பச்சை நண்டு அங்கே விருந்துப் பண்டம். உப்பும் காடியும் மதுவும் புழுவைக் கொல்லும் என்று நம்பக்கூடாது. கொரியாவில் ஒரு காலத்தில் தட்டம்மை கண்ட குழந்தைகளுக்கு, இறால் போன்ற 'கிரேஃபிஷ்' என்ற நன்னீர் உயிரியை இடித்துப் பச்சைச் சாறு புகட்டினார்கள். மருந்தென்று கொடுத்ததே நோயைக் கொடுத்தது. நம் வீடுகளில் சளிக்கு வைக்கும் நண்டு ரசம் நன்றாகக் கொதிப்பதால் அதில் பயமில்லை. ஆனால் ஆற்று நண்டை வெட்டிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் வெங்காயம் நறுக்கினால், நண்டே சாப்பிடாதவருக்கும் புழு போகலாம்.

கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். டி.பி. பரிசோதனையில் தேடுவது பாக்டீரியாவை. புழு முட்டையைப் பார்க்கும்படி மருத்துவர் தனியாக எழுதிக் கொடுத்தால்தான் ஆய்வகம் அதைத் தேடும். மருத்துவர் அப்படி எழுத வேண்டுமானால், என்ன சாப்பிட்டோம், எங்கே தங்கியிருந்தோம் என்பதை நாம் சொல்லியாக வேண்டும். சளியில் மட்டுமல்ல, விழுங்கிய சளி வழியாக மலத்திலும் முட்டை வரும். தொற்றிய முதல் இரண்டு மாதம் முட்டை வராது என்பதால், ஒருமுறை இல்லை என்று வந்தால் விட்டுவிடக் கூடாது. இரத்தத்தில் 'ஈசினோஃபில்' அணுக்கள் மிகுந்திருப்பது நல்ல துப்பு. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் அதிலும் இவ்வணுக்களைப் பார்க்கலாம். எதிர்ப்பொருள் இரத்தப் பரிசோதனையும் சி.டி. ஸ்கேனும் உதவும். இதையெல்லாம் படித்துவிட்டு டி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரண்டு நோயும் ஒருவருக்கே இருக்கவும் கூடும்.

சிகிச்சை ஆச்சரியப்படும் அளவுக்குச் சுருக்கமானது. டி.பி.க்கு ஆறு மாதம் என்றால், இதற்கு இரண்டு அல்லது மூன்று நாள். 'பிராசிகுவான்டெல்' மாத்திரை, உடல் எடையில் கிலோவுக்கு 25 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை. 'டிரைகிளபெண்டசோல்' இன்னொரு மருந்து. குழந்தைகளுக்குப் பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் இதற்கானது அல்ல. சிலருக்குப் புழு வழிதவறி மூளைக்குப் போய் வலிப்பும் தலைவலியும் வரும். அவர்களுக்குப் புழு சாகும்போது வீக்கம் கூடும் என்பதால், ஸ்டீராய்டும் சேர்த்து மருத்துவமனைக் கண்காணிப்பில் கொடுப்பார்கள். கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இருமல் நின்ற பிறகும் எக்ஸ்ரே நிழல் மறையச் சில மாதங்கள் ஆகலாம். அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று பதற வேண்டியதில்லை.