1828ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலில் வசையும் பொருளும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேர்தல் வரலாற்றை எழுதியோர் பலரும் 1828ஆம் ஆண்டுத் தேர்தலை வசைமொழி மலிந்த தேர்தலாகக் குறிப்பர். குடியரசுத் தலைவராயிருந்த ஜான் குவின்சி ஆடம்சும், நியூ ஆர்லியன்ஸ் போரில் வென்ற படைத்தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சனும் எதிர்நின்ற தேர்தல் அது. இருதரப்பு இதழ்களின் தூற்றல்களையும் அடுக்கிக் காட்டி, மக்கள் பொருளற்ற பூசலில் மயங்கினர் என முடிப்பது வழக்கமாகிவிட்டது. அம்முடிபு முற்றும் பொருந்துவதாக நமக்குத் தோன்றவில்லை. வசை ஏன் அத்துணை பெருகிற்று, அதன் பின்னே எப்பொருள் மறைந்து நின்றது என்பனவே ஈண்டு ஆராய்தற்குரியன.

இதற்கு முன்னைத் தேர்தலிலிருந்து தொடங்குதல் வேண்டும். 1824இல் தேர்வாளர் வாக்குகளில் ஜாக்சன் 99, ஆடம்ஸ் 84, கிராஃபோர்டு 41, ஹென்றி கிளே 37 எனப் பெற்றனர். எவர்க்கும் பெரும்பான்மை இன்மையின், அரசியலமைப்பின்படி முடிவு கீழவையைச் சார்ந்தது. கிளே துணைநிற்க, 1825 பிப்ரவரி 9ஆம் நாள் அவ்வவை ஆடம்சைத் தேர்ந்தது. சின்னாளில் கிளே அயலுறவு அமைச்சரானார். இருவர்க்கும் இடையே பேரம் நடந்ததென ஜாக்சன் தரப்பார் நான்காண்டுகள் ஓயாது முழங்கினர். பேரத்திற்கு உறுதியான சான்று கிடைத்திலது. ஆயினும் மிகுதியான வாக்குப் பெற்றவர் பதவி பெற்றிலர் என்பது மெய். அம்மனக்குறையே அடுத்த தேர்தலின் விதை.

இனி வசையைக் காண்போம். ஆடம்ஸ் தலைவர் மாளிகையில் ஒரு பில்லியர்டு மேசை வைத்திருந்தார். அதன் செலவு தவறுதலாக அரசுக் கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தது. கொடுத்த பணமோ அவருடையது. அதனைச் சூதாட்டம் என்றும் அரண்மனை ஆடம்பரம் என்றும் எதிரிகள் பெருக்கினர். அவர் உருசியாவில் தூதராயிருந்தபோது ஓர் இளம்பெண்ணைச் சார் மன்னனுக்குக் கூட்டிக் கொடுத்தார் என்ற இழிந்த பொய்யை நியூ ஹாம்ப்ஷயர் இதழாசிரியர் ஐசக் ஹில் பரப்பினார். மறுதரப்பார் இதனினும் கொடியது செய்தனர். ஜாக்சனின் மனைவி ரேச்சல் முன்னர்ப் பிறரொருவரை மணந்தவர். மணமுறிவு முடிந்ததென நம்பி 1791இல் ஜாக்சனை மணந்தார். அது சட்டப்படி முடிந்தது 1793இலேயே எனப் பின்னர் அறிந்து, 1794இல் இருவரும் மீண்டும் மணம் செய்துகொண்டனர். இதனைக் கொண்டு சின்சினாட்டி இதழாசிரியர் சார்லஸ் ஹேமண்ட் அவ்வம்மையாரின் கற்பையே இழித்தெழுதினார். தேர்தலில் வென்றும் ஜாக்சன் மகிழ்ந்திலர். 1828 டிசம்பர் 22இல் ரேச்சல் இறந்தார். தூற்றியோரே அவரைக் கொன்றனர் என ஜாக்சன் இறுதிவரை நம்பினார்.

இவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தகாதது, பிலடெல்பியாவில் ஜான் பின்ஸ் அச்சிட்ட பிணப்பெட்டித் துண்டுத்தாள். 1815இல் ஜாக்சன் ஆணைப்படி கொல்லப்பட்ட துணைப்படையினர் அறுவரின் பெயரால் கரிய பெட்டிகளை அது வரைந்து காட்டிற்று. அதன் நடை மிகைப்பட்டது. எனினும் அது எழுப்பிய வினா போலியன்று. ஜாக்சன் நியூ ஆர்லியன்சில் போர் ஓய்ந்த பின்னும் படைச்சட்டத்தை நீக்காதவர். ஆட்கொணர் ஆணை பிறப்பித்த நீதிபதியையே சிறைப்படுத்தி, அதற்காக 1000 டாலர் தண்டம் இறுத்தவர். அத்தகையவரிடம் நாட்டை ஒப்படைக்கலாமோ என்று வினவுதல் குடிமக்களின் கடமை. ஆளைக் குறித்த பேச்சு அனைத்தும் வசை என ஒதுக்குவார் இதனை மறந்துவிடுகின்றனர்.

நாட்டின் பெருஞ்சிக்கலாக அன்று வெளிப்பட நின்றது சுங்கவரி. வடபுலத்துத் தொழிலாளர்க்கும் ஆலையுடையார்க்கும் உயர்வரி வேண்டும். பருத்தி விளைக்கும் தென்புலத்தார்க்கு அது கேடு. ஜாக்சன் அணியிலோ இருபுலத்தாரும் இருந்தனர். நியூ யார்க்கின் வான் பியூரனும் தென் கரோலினாவின் கால்கூனும் ஒரே கொடிக்கீழ் நின்றனர். இண்டியானா ஆட்சியாளர் 1828இல் வரி பற்றிக் கருத்துக் கேட்டபோது, ஜாக்சன் தம் பழைய மடலையே சுட்டி அமைந்தார். தகுந்த அளவிலான வரி வேண்டும் என்பது அம்மடல். எவரும் தமக்கேற்பப் பொருள்கொள்ளலாம். அவ்வாண்டு மே மாதம் நிறைவேறிய வரிச்சட்டத்தை, அது உற்பத்தி செய்ய முயல்வது ஒரு குடியரசுத் தலைவரையே என ஜான் ராண்டால்ஃப் எள்ளினார். பொருளைத் திறந்து பேசின் அணி உடையும். பேரம் என்றும் பில்லியர்டு என்றும் கூவின் அணி ஒட்டும். வசை பெருகியதன் காரணம் மக்களின் அறியாமை அன்று, தலைவர்களின் இத்தேவையே என்பது நம் துணிபு.

தொல்காப்பியர் வசையைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இருவகைப்படுத்துவர். பின்னதில் பழி மறைந்து நிற்கும். 1828இன் இதழ்களிலோ பழி மறையவில்லை. பழியே பொருளை மறைத்து நின்றது.

அவ்வாறு மறைந்தவற்றுள் தலையாயது செரோக்கி மக்களின் நிலம். அவர்கள் 1827இல் தமக்கென அரசியலமைப்பு வகுத்தனர். 1828 பிப்ரவரியில், செக்கோயா அமைத்த எழுத்தால் தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் 'செரோக்கி ஃபீனிக்ஸ்' என்ற இதழைத் தொடங்கினர். தமக்கென எழுத்துக் கண்டு ஓரிரு பத்தாண்டுகளிலேயே இதழ் கண்ட அவ்வினத்தின் வரலாறு மொழி பயில்வார் தனியே கற்கத்தக்கது. அவர்தம் நிலத்தை ஜார்ஜியா விழைந்தது. கிரீக் மக்களின் நிலம் பற்றி அம்மாநிலத்தோடு ஆடம்ஸ் முன்னரே முரணினார். ஆயினும் 1826 உடன்படிக்கையில் அந்நிலத்தின் பெரும்பகுதி ஜார்ஜியாவுக்கே சென்றது. ஆதலின் அவர் தரப்பாரும் இதனைத் தேர்தற் பொருளாக உயர்த்த முற்பட்டிலர். தென்புலத்தார்க்கு ஜாக்சன் நிலைப்பாடு சொல்லாமலே விளங்கும். ரேச்சல் பற்றி அச்சேறிய மையில் ஒரு சிறு கூறேனும் இதற்குச் செலவாகியிருப்பின் வடபுலத்து வாக்காளர் என் செய்திருப்பர் என எண்ணத் தோன்றுகிறது.

தேர்வாளர் வாக்கு 178க்கு 83 என ஜாக்சன் வென்றார். மக்கள் வாக்கு முன்னையினும் மும்மடங்காயிற்று. இதனை வசையின் விளைவெனக் கூறுவாரும் உளர். 1824இல் ஆறு மாநிலங்களில் சட்டமன்றங்களே தேர்வாளரைத் தெரிந்தன என்பதும், 1828இல் அம்முறை டெலவேரிலும் தென் கரோலினாவிலும் மட்டுமே எஞ்சியது என்பதும் அவர் கருதத்தக்கன.

ரேச்சல் இறத்தற்கு இருநாள் முன்னர், டிசம்பர் 20இல், செரோக்கி நிலத்தைத் தன் மாவட்டங்களோடு சேர்க்கும் சட்டத்தை ஜார்ஜியா இயற்றிற்று. பழங்குடிகளைப் பெயர்த்தகற்றும் சட்டம் 1830இல் கீழவையில் 102க்கு 97 என்னும் சிறு வேறுபாட்டில் நிறைவேறியது. தேர்தலில் பேசப்படாத பொருள் அவையில் பேசப்பட்டபோது நாடு ஏறத்தாழ இரண்டாகப் பிளந்து நின்றமை இவ்வெண்களால் புலனாகும். 1838இல் தொடங்கிய கட்டாயப் பெயர்ச்சியில் இறந்த செரோக்கியர் ஏறத்தாழ 4000 பேர் என்பர். அவர்தம் இதழ் 1834இலேயே நின்றுபோயிற்று. அடுத்த ஆண்டு அதன் அச்சுப்பொறியை ஜார்ஜியக் காவற்படையினர் கைப்பற்றிச் சென்றனர்.