அழித்தால் இழப்பில்லையா? சோதனைக் கருவிகளின் கேச் கோப்புகள் குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

மென்பொருளைத் தானாகச் சோதிக்கும் கருவிகள் இயங்கி முடிந்ததும் சில கேச் கோப்புகளை விட்டுச்செல்கின்றன. விரைவுக்காகச் சேமிக்கப்படும் இவற்றை நாம் பெரும்பாலும் குப்பையாகவே கருதுகிறோம். இவற்றைக் கையாளும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. பைத்தான் மொழியை முன்வைத்து அதனைச் சுருக்கமாகப் பதிவு செய்கிறேன்.

பைத்தான், தான் இறக்குமதி செய்யும் நிரல்கூறுகளை இடைநிலைக் குறிமுறையாக மாற்றிச் சேமித்துவைக்கும். அடுத்த முறை அந்த உழைப்பு மிச்சமாகும். முன்னர் இந்த நகல், மூலக் கோப்பின் அருகிலேயே வைக்கப்பட்டது. மூலக் கோப்பை நீக்கினாலும் நகல் அங்கேயே தங்கிவிடும். பைத்தான் அதனையே எடுத்து இயக்கும். விளைவாக, இல்லாத நிரலை நம்பிச் சோதனைகள் தேறிவிடும். அதே நிரல் வேறொருவரின் கணினியில் தோற்கும். சுவடியியலில் மூலம் மறைந்தபின் எஞ்சும் படி பெரும்பேறு; இங்கோ அது பிழையின் ஊற்று.

பாரி வார்சா எழுதிய பெப் 3147 என்னும் முன்மொழிவு, 2011இல் வெளிவந்த பைத்தான் 3.2இல் நடைமுறைக்கு வந்தது. பல பைத்தான் பதிப்புகள் ஒரே மூலக் கோப்பைப் பகிர வழிசெய்வதே அதன் முதன்மை நோக்கம். நகல்கள் ‘பைகேச்’ என்னும் தனிக் கோப்புறைக்கு மாறின. மூலம் இல்லையெனில் அங்குள்ள நகல் பொருட்படுத்தப்படுவதில்லை. மூலத்திற்கு அடங்கியதே நகல் என்னும் நெறி இவ்வாறு உறுதியானது.

பைடெஸ்ட் என்னும் சோதனைக் கருவி, 2015இல் வெளிவந்த 2.8ஆம் பதிப்பிலிருந்து, முந்தைய ஓட்டத்தில் தோற்ற சோதனைகளைத் தானே நினைவில் வைக்கத் தொடங்கியது. அந்தக் கோப்புறையின் பெயர் வெறும் ‘கேச்’ என்றே இருந்ததால், அது எந்தக் கருவிக்குரியது என்பது விளங்கவில்லை. 2018 ஜனவரியில் வந்த 3.4ஆம் பதிப்பு அதற்குத் தன் பெயரையே இட்டது. பின்னர், கிட் அதனைத் தவிர்ப்பதற்கான குறிப்பையும், இது கேச் கோப்புறை என்று பிற மென்பொருள்களுக்கு அறிவிக்கும் அடையாளக் கோப்பையும் கருவியே உள்ளே வைக்கலாயிற்று. பயனரின் பொறுப்பாக இருந்தது கருவியின் கடமையாயிற்று.

எனினும் எல்லாக் கேச்சும் ஒன்றல்ல. ஹைப்போதெசிஸ் என்னும் கருவி, தற்போக்கான உள்ளீடுகளை உருவாக்கிச் சோதிக்கும். பிழையை வெளிப்படுத்திய உள்ளீட்டைத் தன் கோப்புறையில் காக்கும். அதனை அழித்தால், அதே பிழை அடுத்த ஓட்டத்தில் அகப்படும் என்பதற்கு உறுதியில்லை. இங்கே இழப்பது நேரத்தை மட்டுமன்று, சான்றையும்தான்.

ஆகவே அழிக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: மூலத்திலிருந்து இதனை மீண்டும் பெற இயலுமா? இயலுமெனில் தயங்காது நீக்கலாம். இயலாதெனில், அந்த உள்ளீட்டைச் சோதனை நிரலிலேயே வெளிப்படையாக எழுதிவைக்க வேண்டும். அதற்கான வசதி அக்கருவியிலேயே உண்டு. ஆய்வேட்டுடன் நிரலை ஒப்படைக்கும் மாணவர்கள், கேச் ஏதுமற்ற புதிய படியில் ஒருமுறை சோதனைகளை இயக்கிப் பார்ப்பது நன்று. அங்கும் தேறுமாயின், அந்த முடிவை நம்பி மேற்கோள் காட்டலாம்.