நீராவிக் குளியல் குழாயின் வெப்ப உறை

வீட்டு நீராவிக் குளியல் அறையில், ஆவிக்கலத்திலிருந்து ஆவி வெளிவரும் முனை வரை செல்லும் குழாயின்மேல் போர்த்தப்படும், வெப்பத்தை எளிதில் கடத்தாத போர்வையே வெப்ப உறை. கொதிகலன் வேலையில் இருப்பவர்கள் இதை லேகிங் என்பார்கள். மின்கட்டணம் மிச்சமாகும் என்று நினைத்தே பலரும் இதைப் போடுகிறார்கள். இதனால் உண்மையில் காக்கப்படுவது குளிப்பவரின் தோலும் வீட்டுச் சுவரும்.

தென்காசி மாவட்டத்தின் விசைத்தறி ஊரான சங்கரன்கோவிலுக்கு ஆவி புதிதல்ல. நெசவுக்கு முன்வேலையான சைசிங்கில் பாவு நூலுக்கான கஞ்சியைக் காய்ச்சவும், கஞ்சி ஏறிய நூலை உலர்த்தும் உருளைகளைச் சூடாக்கவும் ஆவி வேண்டும். நெல் அவிக்கும் ஆலைக்கும் அதுவே உயிர். உடம்புக்கு ஆவி பிடிப்பதும் இந்த வட்டாரத்தில் பழைய வழக்கம். சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் வேது பிடித்தலும் ஒன்று; அம்மருத்துவத்தைக் கற்பிக்கும் அரசுக் கல்லூரி 1964 முதல் பாளையங்கோட்டையில் இயங்குகிறது. நொச்சி இலை போட்ட பானையும் கம்பளியுமாக இருந்த வேது, இன்று வசதியுள்ள வீடுகளில் மின்சார ஆவிக்கலமாகவும் செம்புக் குழாயாகவும் மாறியிருக்கிறது.

ஆலைக் கொதிகலனுக்குச் சட்டக் கண்காணிப்பு உண்டு. 1923ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு உள்ளவையும், சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்குக் குறைந்த அழுத்தத்தில் இயங்குபவையும் பழைய சட்டத்திலேயே கொதிகலன் என்ற வரையறைக்குள் வரவில்லை. வீட்டு ஆவிக்கலம் இப்படிப்பட்டதுதான். அதன் குழாயைப் பார்வையிட ஆய்வாளர் யாரும் வரமாட்டார். குழாய் பதிக்கும் பிளம்பருக்குத் தெரிந்ததே அந்த வீட்டின் பாதுகாப்பு. அதனால் அவருக்கும் வீட்டுக்காரருக்கும் சில கணக்குகள் தெரிந்திருக்க வேண்டும்.

6 கிலோவாட் ஆவிக்கலம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 160 கிராம் ஆவியைத் தரும். 22 மி.மீ. வெளிவிட்டமுள்ள செம்புக் குழாய் 30 பாகை வெப்பமுள்ள காற்றில் உறையின்றிக் கிடந்தால், மீட்டருக்குச் சுமார் 50 வாட் வெப்பத்தை இழக்கும். 20 மி.மீ. தடிப்பில் உறை போட்டால் இழப்பு 15 வாட் அளவுக்கு இறங்கும். 8 மீட்டர் ஓடும் குழாயில், 20 நிமிடக் குளியலுக்கு மிச்சமாகும் மின்சாரம் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஒரு கிலோ ஆவி நீராகும்போது 2,257 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது; அந்தக் கணக்கில், உறையில்லாத குழாய்க்குள் அதே 20 நிமிடத்தில் ஏறத்தாழ 200 மி.லி. கொதிநீர் சேரும். உறையிருந்தால் 60 மி.லி. போல. சேர்ந்த நீரைப் பின்னால் வரும் ஆவி தள்ளிக்கொண்டுபோய் முனையிலிருந்து பீச்சும். முனைக்கு அருகே கால் நீட்டி உட்கார்ந்திருப்பவர்மேல் அது தெறிக்கும்.

‘நம்ம ஊர் வெக்கைக்கு உறை எதற்கு’ என்ற கேள்வி சங்கரன்கோவிலில் எழுவது இயல்பே. குழாய்க்குள் இருப்பது 100 பாகை ஆவி. வெளியே 40 பாகை வெயில் அடித்தாலும் இடைவெளி 60 பாகை. 30 பாகைக் காற்றோடு ஒப்பிட்டால் இழப்பு ஏழில் ஒரு பங்குதான் குறையும்.

இதைவிடப் பெரிய தவறான நம்பிக்கை, சுவரைக் கொத்திக் குழாயைப் பதித்துச் சிமெண்ட் பூசிவிட்டால் அதுவே உறையாகிவிடும் என்பது. சிமெண்ட் பூச்சு, கண்ணாடிப் பஞ்சைப் போலப் பதினைந்து மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். குழாயைச் சுற்றிச் சூட்டை வாங்கும் பரப்பும் பெருகுவதால், அதை இறுக்கிப் பூசிய சுவர் வெறுங்காற்றைவிட வேகமாகவே வெப்பத்தை உறிஞ்சும். செம்பும் சும்மா இருக்காது: 8 மீட்டர் குழாய் 70 பாகை சூடேறும்போது 9 மி.மீ.க்கு மேல் நீளும். நீள இடமில்லாவிட்டால் பூச்சு வெடிக்கும், டைல் பெயரும். உறை போட்ட குழாய்க்குச் சுவருக்குள் தளர்வான தடம் விடுவதே சரி.

உறைப் பொருளில் கவனம் வேண்டும். ஏசி குழாய்க்குப் போடும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் நுரை எளிதில் கிடைக்கிறது என்று அதையே போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. சாதாரண வகையின் தாங்கெல்லை 105 பாகைதான். நாளடைவில் இறுகி வெடிக்கும். பாலிஎத்திலீன் நுரை அதுகூடத் தாங்காது. ஈபிடிஎம் ரப்பர் நுரை, குழாய் வடிவில் வரும் கண்ணாடிப் பஞ்சு, ராக்வூல் ஆகியவை ஏற்றவை. மொட்டைமாடி வழியே குழாய் போனால் உறைக்குமேல் அலுமினியத் தகடு கட்டாயம்: வெயில் ரப்பரை அரிக்கும்; நனைந்த பஞ்சு காப்பதை விட்டுவிடும்.

குழாய் செம்போ பித்தளையோ ஆக இருக்கட்டும். சிபிவிசியின் எல்லை 93 பாகை, ஆவிக்கு ஆகாது. முனைப் பக்கமோ கலத்தின் பக்கமோ சீரான சரிவு வேண்டும். நடுவில் தொய்வு விழுந்தால் நீர் தேங்கி ஆவியை மறிக்கும். வழியில் வால்வு எதுவும் வைக்கக்கூடாது. எல்போக்களிலும் யூனியன்களிலும் உறை விடுபடுவது வழக்கம். பரணில் பொருள் எடுக்கக் கை நீட்டுபவர் சுட்டுக்கொள்வது அந்த இடத்தில்தான். 60 பாகை உலோகத்தை 5 விநாடி தொட்டாலே தோல் புண்ணாகும். 30 பாகைக் காற்றில், சரியான உறையின் வெளிப்பரப்பு 40 பாகையைத் தாண்டாது.

சூட்டைப் போர்த்திக் காக்கும் சிந்தனை ஆவிப் பொறியளவு பழையது. ஜேம்ஸ் வாட் 1769ஆம் ஆண்டுக் காப்புரிமையிலேயே உருளையை மர உறையால் மூடச் சொல்லியிருக்கிறார். பின்னர் நீண்டகாலம் கல்நார் அந்த இடத்தைப் பிடித்திருந்தது. அதன் இழை நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. பழைய ஆலையிலிருந்து கழற்றிய கல்நார் கயிறோ துணியோ மலிவாகக் கிடைத்தாலும் வீட்டுக் குழாயில் சுற்றக்கூடாது.